அங்கேயே உட்கார்ந்திருக்கவும்

எங்க வீட்டுல யாரு விமானம் ஏறினாலும் நான் கேக்குற முதல் கேள்வி ஒண்ணுதான். எந்த ஏர்போர்ட்டுல இறங்குற, அடுத்ததுக்கு எந்த ஏர்போர்ட்டுல ஏறுற? ஊர்ப் பேரைச் சொன்னா விடமாட்டேன். "ஊரையா கேட்டேன், ஏர்போர்ட்டைல்லா கேட்டேன்" என்பேன். "ஒன் அம்மாவுக்கு இது ஒரு கிறுக்கு"ன்னு மருமகன் மகள்கிட்ட சொன்னது என் காதுலயும் விழுந்துருக்கு. விழட்டும். கிறுக்கு எப்படிப் பிடிச்சுதுன்னு எழுதி வச்சுட்டா அதுக்குப் பெறவாவது வாயை மூடுவாங்க.

தூத்துக்குடியில புதுத் துறைமுகம் திறந்து ஒண்ணு ரெண்டு வருஷம் ஆகியிருந்த சமயம் அது. பீச் ரோட்டுல ஒரு கிளியரிங் ஏஜெண்ட் ஆபீசுல நான் டைப்பிஸ்ட். சரக்கு கொண்டு வார லாரிக்குச் சீட்டு அடிக்கிறது, கஸ்டம்ஸுக்குக் காகிதம் அடிக்கிறது, சீட்டைப் படிக்காம வந்து நிக்கிற டிரைவர்களைத் திட்டுறது, மூணும் என் வேலை. மூணாவதுக்குச் சம்பளம் கிடையாது, ஆனா அதைத்தான் நல்லாச் செய்வேன்னு மேனேஜர் சொல்லுவாரு. எனக்கு வாய் அப்படி.

எங்க வீட்டுக்காரருக்குக் கப்பல்ல எஞ்சின் ரூம் வேலை, ஆயில்மேன். சொந்த ஊர் மணப்பாடு. அந்த ஊர்ல பாதிப் பேர் கடல்ல, மீதிப் பேர் கடலுக்குப் போகக் காத்துக்கிட்டு. இவுக பதினாலு மாசமா கரையிலயே காத்துக்கிட்டிருந்தாக. கப்பலுக்கு ஆள் எடுக்குற பம்பாய் ஆபீசுல பேர் இருக்கு, முறை வரல. சவரம் பண்றதைக்கூட விட்டாச்சு. நான் வேலைக்குப் போக, அவுக நாலு வயசுப் பிள்ளைக்குத் தலை சீவிவிட்டுப் பாலர் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவாக. தெருவுல யாராவது "எப்பம் கப்பல்?"னு கேட்டா அன்னைக்குச் சாப்பாடு இறங்காது அவுகளுக்கு.

அப்படி இருக்கையிலதான் பம்பாயிலருந்து பதிவுத் தபால் வந்துச்சு. ஒரு விமான டிக்கெட்டு, ஒரு கடிதம். பம்பாயிலருந்து லண்டன், லண்டன்லருந்து லாஸ் பால்மாஸ். அது ஸ்பெயின்காரன் தீவு. கப்பல் அங்க எண்ணெயும் தண்ணியும் பிடிக்க ஒரே ஒரு ராத்திரி நிக்கும். அதுக்குள்ள ஏறணும். நேரத்துக்குப் போய்ச் சேராத ஆளுக்குப் பேர் லிஸ்டுலருந்து எடுக்கப்படும்னு கடிதத்துல கடைசி வரி. அந்த வரியை மட்டும் நான் அவுகளுக்குப் படிச்சுக் காட்டல.

அவுக எட்டாம் வகுப்பு. இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிப்பாக, ஆனா அவசரத்துல தடுமாறும். விமானத்துல போறது அதுதான் முதல் தடவை, அதுக்கு முன்ன எல்லாம் பம்பாயிலயே கப்பல் ஏறினதுதான். அதனால கடிதத்தை ஆபீசுக்கு எடுத்துட்டுப் போய், மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல ஒரு முழுத்தாள்ல தமிழ்ல கொட்டை எழுத்துல எழுதினேன். எத்தனை மணிக்கு எங்க ஏறணும், எங்க இறங்கணும், கையில எதை வச்சுக்கணும். லண்டன்னு வந்த இடத்துல எல்லாம் கடிதத்துல பக்கத்துல மூணு இங்கிலீஷ் எழுத்து இருந்துச்சு. இறங்குற இடத்துல ஒண்ணு, ஏறுற இடத்துல வேற ஒண்ணு. ஏதோ அவங்க ஆபீஸ் கணக்குக் குறின்னு நினைச்சு விட்டுட்டேன். அதோட நிறுத்தியிருக்கலாம். புரியாத ஊர்ல இவுக எங்கயாவது அலைஞ்சு தொலைஞ்சுரக் கூடாதேன்னு நானா ஒரு வரி சேர்த்தேன்: "லண்டனில் இறங்கியதும் அங்கேயே உட்கார்ந்திருக்கவும். வேறு எங்கும் போக வேண்டாம். மூணேகால் மணி நேரம் கழித்து அடுத்த விமானம்."

அடிக்கோடும் போட்டேன்.

எங்க மாமியாருக்கு ஒரு வழக்கம். மகன் கப்பலுக்குக் கிளம்புறதுக்கு முன்ன, அவனோட காகிதம் எல்லாத்தையும் ஒரு துணியில சுத்தி வீட்டு மாதா படத்துக்கு முன்னால வச்சு ஒன்பது நாள் நவநாள் ஜெபம் சொல்லுவாக. ஒன்பது நாளும் அதை யாரும் தொடக் கூடாது. டிக்கெட்டு, பாஸ்போர்ட்டு, கப்பல்காரங்களுக்குக் குடுக்குற சி.டி.சி. புத்தகம், நான் எழுதின தாள், எல்லாம் உள்ள போயிருச்சு. நாலாம் நாளோ அஞ்சாம் நாளோ எனக்கு மனசுக்குள்ள ஒரு அரிப்பு. டிக்கெட்டையும் தாளையும் வச்சு ஒரு தடவை சரி பாத்துருவோமேன்னு கையை நீட்டினேன்.

"ஏளா, மாதா கையில குடுத்தாச்சு. அதுக்கு மேல நீ என்னத்தப் பாக்கப் போற?" என்றாக மாமி.

ஊரையே திட்டுற வாய், அன்னைக்குப் பாத்து மூடிக்கிச்சு. இப்பம் நினைச்சாலும் எனக்கு என் மேலதான் ஆத்திரம் வருது. ஒரு சண்டை போட்டிருக்கலாம். மாமியோட நான் போடாத சண்டையா?

திங்கக்கிழமை மெட்ராஸ் ரயில்ல ஏத்திவிட்டோம். அங்கருந்து பம்பாய் ரயில். வியாழக்கிழமை காலையில பம்பாய், வெள்ளிக்கிழமை விடியக்காலம் விமானம். மாமி நெத்திலிக் கருவாட்டுப் பொடி ஒரு பாட்டில் இடிச்சு, மூடியில மெழுகு ஊத்திக் குடுத்தாக. கப்பல்ல சோறு வாயில வைக்க விளங்காதாம். அவுக சட்டைப் பையைத் தட்டிக் காமிச்சாக. "டிக்கெட்டு பெட்டிக்குள்ள பத்திரமா இருக்கு. ஒன் தாளு இங்கன இருக்கு"ன்னாக. எனக்குப் பெருமையா இருந்துச்சு.

வியாழக்கிழமை காலையில பத்தரை மணி இருக்கும். ஒரு லாரி டிரைவர் ஆபீசுக்குள்ள வந்தாரு. கோவில்பட்டி மில்லுலருந்து நூல் கொண்டு வந்தவரு. வழியில டயர் வெடிச்சு, மாத்தி, அரக்கப்பரக்க ஓட்டி வந்துருக்காரு. வந்தவரு நேரா பழைய துறைமுகத்துக்குப் போய் கேட்டுல நின்னுருக்காரு. கப்பல் நிக்கிறது புதுத் துறைமுகத்துல. ரெண்டுக்கும் நடுவுல ஏழெட்டு கிலோமீட்டர். மத்தியானத்தோட கப்பலுக்குச் சரக்கு வாங்குறதை மூடிருவான்.

எனக்குப் பிடிச்ச வேலை வந்துருச்சே. பிடிபிடின்னு பிடிச்சேன். "ஏன் அண்ணாச்சி, எத்தனை வருசமா இந்த ஊருக்கு ஓட்டுதீங்க? துறைமுகம் ரெண்டு இருக்குன்னு பச்சப்பிள்ளைக்குத் தெரியும். பழசா புதுசான்னு பாத்துட்டுல்லா வண்டியைத் திருப்பணும்? சீட்டு எதுக்குக் குடுக்கோம், காது குடையவா?"

அவரு கோவிச்சுக்கல. பையிலருந்து சீட்டை எடுத்து என் மேஜையில வச்சாரு. "பாத்தேன் தாயி. நீங்களே பாருங்க. தூத்துக்குடி துறைமுகம்னு மட்டுந்தான போட்டிருக்கு. எதுன்னு போடலயே."

நான் அடிச்ச சீட்டு. என் மெஷின்ல 'ஈ' எழுத்து கொஞ்சம் மேல ஏறித்தான் விழும், அடையாளம் தெரியும். துறைமுகம்னு அடிச்சுருக்கேன், எதுன்னு அடிக்கல.

அந்தச் சீட்டைப் பாத்துக்கிட்டே இருந்தேன். லண்டன் பக்கத்துல இருந்த மூணு எழுத்து. இறங்குற இடத்துல ஒண்ணு, ஏறுற இடத்துல வேற ஒண்ணு. டிராயரைத் திறந்தேன். பம்பாய்க் கடிதம் அங்கயேதான் கிடந்துச்சு. எடுத்துப் பாத்தேன். வேற வேறதான்.

டிரைவர் "தாயி, நான் இப்பம் எங்க போக?"ன்னு கேட்டது காதுல விழுந்துச்சு. மேனேஜர்தான் அவரைப் புதுத் துறைமுகத்துக்கு அனுப்பி வச்சாரு. பெறவு என் மூஞ்சைப் பாத்து, கடிதத்தை வாங்கிப் பாத்தாரு. அவருக்கும் விளங்கல. ரெண்டு தெரு தள்ளி காயல்பட்டினத்துக்காரர் ஒருத்தர் கடை இருந்துச்சு. ரத்தினக் கல் வியாபாரம், லண்டன் வரைக்கும் போய் வந்தவரு. காயல் வழக்கப்படி எல்லாரும் அவரைக் காக்கான்னு, அதாவது அண்ணன்னு, கூப்பிடுவோம். "காக்காகிட்ட போய்க் கேளு"ன்னாரு மேனேஜர்.

ஓடினேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டு பீச் ரோட்டுல ஓடினேன். பாத்தவன் என்ன நினைச்சானோ.

காக்கா கண்ணாடியை ஏத்திப் பாத்தாரு. நிதானமான மனுசன். "லண்டன்ல ரெண்டு ஏர்போர்ட் பெரிசும்மா. இது மேக்க இருக்கு, ஹீத்ரோ. இது தெக்க இருக்கு, காட்விக். மாப்பிள இறங்குறது ஹீத்ரோ. ஏறுறது காட்விக்."

"பக்கத்துலயா காக்கா?"

"இங்கனருந்து திருநெல்வேலிக்குப் போறதுக்கு மேல தூரம். பஸ்ஸு ஓடுது. ஒன்றரை மணி நேரம் ஆவும்." விரல் விட்டு நேரத்தைக் கணக்குப் பாத்தாரு. "இறங்கின கையோட கிளம்பினா பிடிச்சுரலாம். உட்கார்ந்துட்டா போச்சு."

உட்கார்ந்துட்டா போச்சு. நான் அடிக்கோடு போட்டு எழுதியிருக்கேன், உட்கார்ந்திருக்கவும்னு.

ஆபீசுக்குத் திரும்பி வந்ததும் மேனேஜர் பம்பாய்க்கு ட்ரங்க் கால் அர்ஜெண்டா புக் பண்ணச் சொன்னாரு. எக்ஸ்சேஞ்சுல பேசுற பொம்பளைக்கு என் குரல் தெரியும். "மதுரை லைன் கிடைக்கல, இரு அக்கா, பாக்கேன்"னா. அந்த இடைவெளியில தந்தி ஆபீசுக்குப் போய் அந்தப் பம்பாய் ஆபீஸ் விலாசத்துக்கு எக்ஸ்பிரஸ் தந்தி ஒண்ணு குடுத்தேன். "லண்டனில் விமான நிலையம் மாற வேண்டும். உடனே சொல்லவும்." திரும்பி வந்து டெலிபோன் பக்கத்துல ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன்.

பன்னெண்டு. ஒண்ணு. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கல. ரெண்டு மணிக்கு மணி அடிச்சுது, பாஞ்சு எடுத்தேன். உள்ளூர் உப்புக் கம்பெனி, ஏதோ மூட்டைக் கணக்கு. வாய்க்கு வந்தபடி பேசி வச்சுட்டேன். மூணு மணிக்கு நானே எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டேன். "மெட்ராஸ் தாண்டிட்டு, பம்பாய்தான் எடுக்க மாட்டேங்கான்"னா. அழுகை வந்துருச்சு எனக்கு. அவளும் சும்மா இருக்கல, அடிச்சுக்கிட்டே இருந்துருக்கா. பம்பாய் ஆபீஸ் அஞ்சு மணிக்குப் பூட்டுவான்.

நாலே முக்காலுக்கு லைன் கிடைச்சுது. கிணத்துக்குள்ள பேசுற மாதிரி ஒரு குரல். நான் தொண்டை கிழியக் கத்தினேன், இங்கிலீஷுல. இந்த ஆள், இந்தக் கப்பல், லண்டன்ல ஏர்போர்ட் மாறணும், அவருக்குத் தெரியாது, தாள்ல தப்பா எழுதியிருக்கு. அந்த ஆள் சொன்னான், அவரு ஒரு மணிக்கே கையெழுத்துப் போட்டுட்டு லாட்ஜுக்குப் போயிட்டாரு, அங்க டெலிபோன் கிடையாது, பியூனை அனுப்பிச் சொல்லச் சொல்றேன். "எழுதிக்கிட்டீங்களா?"ன்னு கேட்டேன். "யெஸ் மேடம், யெஸ் மேடம்"னான். எழுதுறவன் அவ்வளவு வேகமா யெஸ் மேடம் சொல்ல மாட்டான். திரும்பச் சொல்லச் சொன்னேன். லைன் போயிருச்சு.

வீட்டுக்குப் போய் மாமிகிட்ட மூச்சு விடல.

மறுநாள் வெள்ளிக்கிழமை. லண்டன் நேரம் நமக்கு அஞ்சரை மணி நேரம் பின்னாலன்னு காக்கா சொல்லியிருந்தாரு. நாலு மணிக்கு ஆபீஸ் கடிகாரத்தைப் பாத்தேன். இப்பம் இறங்கியிருப்பாக. பியூன் போயிருந்தா, இப்பம் பஸ்ஸைத் தேடிக்கிட்டிருப்பாக. போகலைன்னா, ஒரு நாற்காலி தேடி உட்கார்ந்திருப்பாக. அன்னைக்கு நான் அடிச்ச காகிதம் பூரா தப்பு. மேனேஜர் அவரே திருத்திக்கிட்டாரு.

விமானம் கிளம்புற நேரம் நமக்கு ஏழேகால். அந்நேரம் வீட்டுல ஜெபமாலை நடந்துக்கிட்டிருந்துச்சு. மாமி முன்ன, நானும் பிள்ளையும் பின்ன. என் வாய் அருள் நிறைந்த மரியே சொல்லுது, கண்ணு சுவர்க் கடிகாரத்துல நிக்குது. ஏழேகால் ஆகி முள்ளு தாண்டிப் போச்சு. ஒரு சத்தமும் இல்ல. பிள்ளை என் மடியில தூங்கிப் போச்சு.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சு வந்து சேலை மாத்துறதுக்குள்ள தந்திக்காரன் வந்தான். "கப்பல் போய்விட்டது. திரும்பி வருகிறேன்." அவ்வளவுதான். மாமிக்குப் படிச்சுச் சொன்னேன். அவுக அப்படியே தரையில உட்கார்ந்துட்டாக.

"ஒம்போது நாள் கும்பிட்டேனே. மாதா கைவிட்டுட்டாளே."

"மாதா ஒண்ணும் கைவிடல மாமி. நாந்தான் கெடுத்தேன்." எல்லாத்தையும் சொன்னேன். திட்டுவாகன்னு பாத்தேன். திட்டியிருந்தா நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன், மனசு கொஞ்சம் ஆறியிருக்கும். மாமி மாதா படத்தையே பாத்துக்கிட்டிருந்துட்டு, "அன்னைக்கு நீ கைய நீட்டுன. நாந்தான் தட்டிவிட்டேன்"னு மட்டும் சொன்னாக.

பன்னெண்டு நாள் கழிச்சு அவுக வந்தாக. போன பெட்டிதான், போன சட்டைதான். கருவாட்டுப் பொடி பாட்டில் மெழுகு உடையாம அப்படியே இருந்துச்சு. மாமி அதை வாங்கி அலமாரியில வச்சாக. அதுக்குப் பெறவு ஒரு வருசம் அது அங்கயே இருந்துச்சு, யாரும் தொடல.

"என்ன ஆச்சு? பியூன் வந்து சொன்னானா?"

"எந்த பியூன்?"ன்னாக. ஒருத்தனும் வரல. அவன் கிளம்பினானா, லாட்ஜ் மாறிப் போனானா, என் தந்தியாவது போய்ச் சேர்ந்துச்சா, இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

"அப்பம் என்னதான் நடந்துச்சு?"

"நாற்காலியில கண்ணசந்துட்டேன். முழிச்சுப் பாத்தா நேரம் ஆயிருச்சு. ஏர்போர்ட்டு மாறணும்னு தெரியும். தூங்கிட்டேன், அவ்வளவுதான்."

நம்பினேன். வெக்கத்தை விட்டுச் சொல்றேன், நம்பணும்னு ஆசையா இருந்துச்சு. அப்பம் தப்பு என்னோடது இல்லைல்லா? அன்னைக்கு ராத்திரி நல்லாத் தூங்கினேன்கூட.

ஒரு மாசம் போய் பம்பாயிலருந்து கடிதம். இங்கிலீஷ் கடிதம்னா நாந்தான் படிச்சுச் சொல்லணும். அவுக அடுப்படி வாசல்ல நின்னுக்கிட்டிருந்தாக. படிச்சேன். சம்பந்தப்பட்ட ஆளுக்குப் பயண விவரம் சரியாகத் தெரிந்திருந்தது, விமான நிலையம் மாற வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது, தன் சொந்தக் கவனக்குறைவால் தவறவிட்டதாக அவரே எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார், ஒரு வருஷத்துக்குப் பேர் நிறுத்தி வைக்கப்படுகிறது. கீழ ஒரு வரி. பயண விவரத்தை வேறு யாராவது தவறாகக் கொடுத்தார்களா என்று விசாரித்ததற்கு, இல்லை என்று கூறிவிட்டார்.

கடிதத்தை மடிச்சேன். "தாளைக் காட்டியிருந்தா பேரை நிறுத்தியிருக்க மாட்டாங்கள்லா? ஏன் காட்டல?"

அவுக அடுப்படி வாசல்லயே உட்கார்ந்தாக. "அங்கயே உட்காருன்னு எழுதியிருந்த. உட்கார்ந்திருந்தேன். ரெண்டு மணி நேரம் போய், போர்டுல நம்ம விமானத்தைக் காணோமேன்னு போய்க் கேட்டேன். அந்த வெள்ளைக்காரப் பொம்பளை டிக்கெட்டைப் பாத்துட்டுத் தலையில கை வச்சா. பஸ்ஸு ஏறி ஓடினேன். போறதுக்குள்ள போயிருச்சு."

"தாளு எங்க?"

"பஸ்ஸுலயே கிழிச்சுப் போட்டுட்டேன். பம்பாயில பையைச் சோதிச்சா ஒன் எழுத்துல்லா இருக்கும்."

எனக்கு அழுகை வரல, கோவம்தான் வந்துச்சு. யாரு கேட்டா ஒங்களை, என்னைக் காப்பாத்தச் சொல்லி, பதினாலு மாசம் உட்கார்ந்தது போதாதா, இன்னும் ஒரு வருசமான்னு கத்தினேன். அவுக பிள்ளையைக் கூட்டிக்கிட்டு பள்ளிக்குக் கிளம்பிட்டாக. போனதுக்குப் பெறவுதான் அழுதேன்.

ஒரு வருசமும் நாலு மாசமும் ஆச்சு. அதுவரைக்கும் புதுத் துறைமுகத்துல தினக்கூலிக்கு நின்னாக. பெறவு மறுபடி பதிவுத் தபால் வந்துச்சு. பம்பாய், ஃப்ராங்க்பர்ட், ஹாம்பர்க். மாமி துணியை எடுத்துக்கிட்டு வந்து நின்னாக, காகிதத்தைச் சுத்த. அவுக டிக்கெட்டை அம்மா கையில குடுக்கல. என் முன்னால வச்சு, பக்கத்துல ஒரு முழுத்தாளும் பேனாவும் வச்சாக.

"ஏளா, எழுதிக் குடு."

"நான் மாட்டேன். காக்காகிட்ட எழுதி வாங்கிக்கோங்க."

"காக்கா எழுத்து எனக்குப் புரியாது."

மாமியும் துணியோட நின்னுக்கிட்டேதான் இருந்தாக. "எழுது. நல்லாப் பாத்து எழுது. பெறவு வைக்கலாம்"னாக.

எழுதினேன். டிக்கெட்டைப் பாத்து ஒரு தடவை, கடிதத்தைப் பாத்து ஒரு தடவை, காக்காகிட்ட கேட்டு வந்து ஒரு தடவை. ஊர்ப் பேருக்குப் பக்கத்துல ஏர்போர்ட் பேர், அதுக்குப் பக்கத்துல மூணு எழுத்து, ஒண்ணையும் விடல. கடைசியில கொட்டை எழுத்துல ஒரு வரி சேர்த்து அடிக்கோடு போட்டேன்: "இந்தத் தாளை நம்ப வேண்டாம். டிக்கெட்டைப் பார்க்கவும். இறங்கியதும் யாரிடமாவது கேட்கவும்."

அவுக எழுத்துக் கூட்டி முழுசும் படிச்சாக. பெறவு டிக்கெட்டை அம்மா கையில குடுத்துட்டு, தாளை நாலா மடிச்சுச் சட்டைப் பையில வச்சுக்கிட்டாக.